பல் போனால் சொல் மட்டுமா போகும்?

“பல் போனால் சொல் போச்சு” என்பது நம் முன்னோர் வாக்கு. ஈஜோக், புக்கிட் ரோத்தான், பெஸ்தாரி ஜெயா எனக் கோல சிலாங்கூர் வட்டாரத் தோட்டங்களில் வளர்ந்த நமக்கு இப்பழமொழி புதிதன்று. ஆயினும் பல்வலி வந்தால் நம்மவர் நாடும் வழிகள் இன்றும் இரண்டுதான். முதலில் கிராம்பு வைப்பது; வலி பொறுக்க முடியாவிட்டால் பல்லைப் பிடுங்குவது. இவ்விரண்டுக்கும் இடையில் எத்தனையோ சிகிச்சைகள் உள்ளன. அவற்றை அறியாததால் நாம் இழந்த பற்கள் ஏராளம்.

பூச்சியா, அமிலமா?

சொத்தையைப் “பூச்சிப்பல்” என்கிறோம். ஐரோப்பியரும் ஒரு காலத்தில் அப்படித்தான் நம்பினர். 1728-இல் பிரான்சு நாட்டுப் பல் மருத்துவர் பியேர் ஃபோஷார் அக்கருத்தை மறுத்தார். 1890-இல் வில்லோபி மில்லர் உண்மைக் காரணத்தை விளக்கினார். வாயிலுள்ள பாக்டீரியா சீனியையும் மாவுச்சத்தையும் அமிலமாக மாற்றுகிறது. அமிலநிலை 5.5-க்குக் கீழே இறங்கும்போது பற்சிப்பி கரையத் தொடங்குகிறது. உமிழ்நீர் அந்த அமிலத்தைத் தணிக்க அரை மணி முதல் ஒரு மணி நேரம் ஆகலாம். அதற்குள் மீண்டும் இனிப்பு சேர்ந்தால் பல்லுக்கு ஓய்வே இல்லை.

பெரியவர்களுக்கு ஏன்?

சொத்தை சிறுவர் நோய் என எண்ணுவது தவறு. 2010-ஆம் ஆண்டு தேசியப் பெரியோர் வாய்நல ஆய்வில், 10 பேரில் ஏறக்குறைய 9 பேர் சொத்தையால் பாதிக்கப்பட்டிருந்தனர். தமிழ்ப்பள்ளியில் பயின்றபோது அரசாங்கப் பல் தாதியர் நம்மைத் தேடி வந்தனர். ஐந்தாம் படிவம் முடிந்தபின் நாம்தான் தேடிச் செல்ல வேண்டும். செம்பனைத் தோட்டத்தில் நாள் கூலிக்கு வேலை செய்பவருக்குக் கிளினிக் செல்வதென்றால் ஒரு நாள் சம்பளம் போகும். எனவே முகம் வீங்கும் வரை பொறுத்துக்கொள்கின்றனர்.

டின் பால் தேநீரும் ஒரு காரணம். அந்தப் பாலில் பாதியளவு சீனியே. ஒரு வேளை குடிப்பதைவிட, நாள் முழுதும் சிறிது சிறிதாகக் குடிப்பதே அதிகத் தீங்கு. வயது ஏற ஏற ஈறு இறங்கி வேர் வெளிப்படும். வேருக்குப் பற்சிப்பியின் காவல் இல்லை. நம் சமுதாயத்தில் பரவலாக உள்ள நீரிழிவு நோயும் வாயை உலரச் செய்து சொத்தைக்கு வழிவிடுகிறது.

மருத்துவர் என்ன செய்வார்?

சொத்தை எவ்வளவு ஆழம் சென்றுள்ளது என்பதைப் பொறுத்தே சிகிச்சை அமையும்.

1. வெண்புள்ளி நிலை: குழி விழவில்லை. ஃபுளோரைடு பூச்சாலும் நல்ல பராமரிப்பாலும் பல் மீண்டும் உறுதி பெறலாம்.
2. குழி விழுந்த நிலை: கெட்ட பகுதியை அகற்றி அடைப்பார்.
3. பற்கூழை எட்டிய நிலை: சூடு பட்டாலும் இரவிலும் கடும் வலி வரும். பற்கூழ் மீள முடியாதபடி கெட்டிருந்தால், வேர்ச் சிகிச்சையில் அதை அகற்றி, வேர்க்குழாயைச் சுத்தம் செய்து அடைப்பார். கடைவாய்ப்பல் எனில் பெரும்பாலும் மேலே உறை பொருத்துவார்.
4. காப்பாற்ற இயலாத நிலை: பிடுங்குவார். இது கடைசி வழி, முதல் வழியன்று.

வலி தானே நின்றுவிட்டால் குணமாகிவிட்டது எனக் கருதக் கூடாது. உள்ளிருக்கும் நரம்பு இறந்திருக்கலாம். சீழ் தாடைக்கும் கழுத்துக்கும் பரவலாம். வீக்கத்தோடு காய்ச்சலோ, விழுங்கவும் மூச்சுவிடவும் சிரமமோ ஏற்பட்டால் உடனே மருத்துவமனைக்கு விரைய வேண்டும்.

நம் கடமை

என் பாட்டிக்கு ஐம்பது வயதிலேயே கடைவாய்ப் பற்கள் இல்லை. முறுக்கை நீரில் ஊறவைத்துத்தான் உண்பார். சிரிக்கும்போது முந்தானையால் வாயை மூடிக்கொள்வார். போனது சொல் மட்டுமன்று. உணவும் சிரிப்பும் போயின.

அரசாங்கப் பல் கிளினிக்குகளில் குடிமக்களுக்குக் கட்டணம் மிகக் குறைவு. ஆகவே மாணவ நண்பர்களே, அடுத்த விடுமுறைக்கு வீடு திரும்பும்போது பெற்றோரைப் பரிசோதனைக்கு அழைத்துச் செல்லுங்கள். வலி வருவதற்கு முன்பே செல்லுங்கள். ஃபுளோரைடு பற்பசையால் காலையும் இரவும் பல் துலக்கச் சொல்லுங்கள். பட்டம் பெற்ற பிள்ளை வீட்டிற்குச் செய்யும் முதல் கைம்மாறு இதுவாகவும் இருக்கலாம்.