பம்பி இயந்திரத்தின் பிளக்கில் எண்ணெய் படிதல்: காரணமும் பரிகாரமும்



சிறுபோகத்தில் வெங்காயமும் மிளகாயும் கிணற்று நீரை நம்பியே நிற்கின்றன. இறைக்க வேண்டிய நாளில் பம்பி இயங்காவிடின் பயிர் வாடும். நெடுநாள் உழைத்த இயந்திரம் இவ்வாறு நின்றுபோவதற்குப் பிளக்கில் எண்ணெய் படிதல் ஒரு முக்கிய காரணமாகும். புதுப் பிளக்கை மாட்டினால் சில நாட்கள் ஓடும். பின்னர் மீண்டும் நிற்கும். ஆகவே எண்ணெய் வரும் வழியை அறிந்து அடைத்தல் வேண்டும்.

பிளக்கைப் பார்த்து அறிதல்

இயந்திரம் ஆறிய பின் பிளக்கைக் கழற்றி, முனையைப் பாருங்கள்.

1. இளமண்ணிறம்: குறையில்லை.
2. உலர்ந்த கரி: எரிபொருள் மிகுதி, அல்லது காற்று வடி அடைபட்டுள்ளது.
3. பெற்றோல் மணமுள்ள, விரைவில் உலரும் ஈரம்: எரிபொருள் எரியாது தேங்கியுள்ளது.
4. விரலில் வழுவழுக்கும் கரிய பளபளப்பு: எண்ணெய். புகைக்குழாயில் நீலப் புகையும் தோன்றும்.

காரணத்தைத் தேடுதல்

எளியவற்றை முதலிற் பாருங்கள். இயந்திரத்தைச் சமதரையில் நிறுத்தி எண்ணெய் மட்டத்தை அளவிடுங்கள். மிகுந்திருப்பின் வடித்துக் குறையுங்கள். பெற்றோலில் தொடக்கி மண்ணெண்ணெயில் ஓட்டும் இயந்திரத்தைச் சூடேறுமுன் மாற்றினால், எரியாத மண்ணெண்ணெய் கீழிறங்கி எண்ணெயின் தடிப்பைக் கெடுக்கும். எண்ணெயில் அம்மணம் வீசினால் உடனே புது எண்ணெய் இடுங்கள்.

இவை சரியாயின், இயந்திரம் ஓடாதவாறு ஆளியை நிறுத்திவிட்டு, கயிற்றை இழுத்து அதன் கடினத்தை உணருங்கள். பின்னர் பிளக்குத் துவாரத்தில் ஒரு தேக்கரண்டி எண்ணெய் விட்டு, சிலமுறை சுழற்றி, பிளக்கை மாட்டி மீண்டும் இழுங்கள். முன்னிலும் கடினமாயின் பிஸ்டன் வளையங்களோ உருளையோ தேய்ந்துள்ளன. மாற்றமில்லையாயின் வால்வுகளையும் அவற்றின் வழிகாட்டிகளையும் சோதிப்பிக்க வேண்டும்.

பரிகாரம்

பிளக்கைப் பெற்றோலாற் கழுவித் தூரிகையால் தேய்த்து நன்கு உலர்த்துங்கள். அருகில் நெருப்பு ஆகாது. முனை இடைவெளி கைநூலிற் கூறியவாறு இருத்தல் வேண்டும். சிறிய இயந்திரங்கள் பலவற்றில் அது ஏறத்தாழ 0.7 மில்லிமீற்றர். கூடுதல் சூடேறும் வகைப் பிளக்கு எண்ணெயை எரித்துச் சிலகாலம் உதவும். எனினும் தேய்வைத் தீர்க்காது, அளவு தவறினால் பிஸ்டனையும் கெடுக்கும்.

வளையங்களை மாற்றுமுன் உருளையின் தேய்வை அளப்பியுங்கள். தேய்ந்த உருளையிற் புதுவளையம் இடுவது வீண் செலவே. இவ்வேலையை இறைப்புக் காலத்துக்கு முன்னரே முடியுங்கள். வடித்த பழைய எண்ணெயைக் கிணற்றருகே ஒருபோதும் ஊற்றாதீர்கள். பயிருக்கும் குடிப்பதற்கும் அந்த நீரே உதவுகிறது.