ட்ரீட் எப்போ?

கேள்வி: ஷூ கம்பெனியில் எனக்குப் பதவி உயர்வு கிடைத்ததும் "ட்ரீட் எப்போ?" என்று எல்லாரும் பிடித்துக்கொண்டார்கள். பிரியாணி வாங்கிக் கொடுத்துத் தப்பித்தேன். எங்கள் ஊரில் டேனரி கழிவுநீருக்கும் 'ட்ரீட்மென்ட் பிளான்ட்' இருக்கிறது. இரண்டும் ஒரே 'ட்ரீட்'தானா?
- ஒரு வாசகி, ஆம்பூர்

பதில்: ஒரே சொல்தான். லத்தீனில் 'டிராக்டாரே' என்றால் கையாளுவது. அதற்கும் மூலம் 'இழு' என்று பொருள்படும் ஒரு வினை. உழவு டிராக்டரும் அந்த வீட்டுப் பிள்ளைதான். பிரெஞ்சு வழியாக 1300 வாக்கில் ஆங்கிலத்துக்குள் நுழைந்தபோது 'ட்ரீட்'டில் சோற்று வாசனையே இல்லை. பேரம் பேசுவது, உடன்பாட்டுக்காகப் பேசுவது என்றே பொருள். உடன்படிக்கைக்கு இன்றும் 'ட்ரீட்டி' என்கிறார்களே, அது அந்தப் பொருளின் மிச்சம். பிறகு ஒருவரை நடத்தும் விதத்துக்கு ஆனது. 16ஆம் நூற்றாண்டில், கைக்காசு போட்டுப் பிறருக்குச் சாப்பாடும் குடியும் வாங்கித் தருவதுவரை வந்துவிட்டது.

கழிவுநீர் விஷயத்தில் பழைய 'கையாளுதல்' அப்படியே நிற்கிறது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் டேனரிகளைக் கட்டாயப்படுத்தியது இந்த 'ட்ரீட்மென்ட்'டுக்குத்தான். நாமோ நீருக்குச் சுத்திகரிப்பு, நோய்க்கு வைத்தியம், தோலுக்குப் பதனிடுதல் என்று தனித்தனியே சொல் வைத்திருக்கிறோம்.

பேரத்தின் வாடை விருந்திலும் முழுக்கப் போகவில்லை. தேர்தல் சட்டத்தில் 'ட்ரீட்டிங்' ஒரு குற்றம்! ஓட்டுக்காகச் சாப்பாடு, குடி, கேளிக்கை தருவது. 1920இல் இந்திய தண்டனைச் சட்டத்தில் சேர்ந்தது. இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவின் 173ஆம் பிரிவில் இருக்கிறது. ஓட்டுக்குக் காசு கொடுத்தால் ஓராண்டு வரை சிறை உண்டு. பிரியாணி கொடுத்தால் அபராதம் மட்டும். (2019 ஏப்ரலில் உங்கள் வேலூர் தொகுதித் தேர்தல் ரத்தானது பிரியாணியால் அல்ல, கட்டுக்கட்டாகப் பிடிபட்ட பணத்தால்.)

ஆம்பூரில் 'தாவத்' என்ற சொல் புழங்குமே, அந்த அரபுச் சொல்லுக்கு அழைப்பு என்று பொருள். நம் 'விருந்து' இன்னும் அழகு. அதன் பழைய பொருள் புதுமை. தொல்காப்பியரும் அப்படியே ஆள்கிறார். புதிதாக வந்தவர் விருந்து. அவருக்கு இடும் உணவு விருந்தானது பிறகுதான்.

தினமும் பார்க்கும் முகங்களுக்கு, அவர்களே கேட்டு, நீங்கள் காசு கொடுத்தீர்கள். அது விருந்தும் இல்லை, தாவத்தும் இல்லை, ட்ரீட்தான். பிரியாணியோடு கத்திரிக்காய் தொக்கு உண்டா என்று மட்டும் எழுதாமல் விட்டுவிட்டீர்கள்.