பழைய துளையிடும் யந்திரத்தைச் சீர்ப்படுத்தும் முறை

காவிரிக் கரையில் பவானிக்கு எதிரே அமைந்த குமாரபாளையம் தறித் தொழிலுக்குப் பெயர் பெற்றது. தறிக்கும் கலப்பைக்கும் வேண்டிய துளைகளை இட, வீட்டுப் பட்டறையிலுள்ள பழைய யந்திரமே போதும். அதனைச் செம்மைப்படுத்தல் வேண்டும்.

முதலில் மின் இணைப்பை நீக்கி, துருவை மண்ணெண்ணெயிட்டுத் தேய்த்தகற்றுக. பின், நேரான உருக்குக் கம்பியைச் ‘சக்’கில் பூட்டிக் கையாற் சுழற்றுக. கம்பி தள்ளாடினால் ‘சக்’கையும் பேரிங்குகளையும் சோதித்து, பழுதானதை மாற்றுக. அடுத்து, மேடை அக்கம்பிக்குச் செங்குத்தாக உள்ளதா என மூலைமட்டத்தால் அறிக.

துளை பெரிதாயின் வேகம் குறைய வேண்டும். இரும்பில் 12 மில்லிமீட்டர் துளைக்கு நிமிடத்திற்குச் சுமார் 650 சுற்றுகள். 6 மில்லிமீட்டருக்கு அதைப்போல் இருமடங்கு. அதற்கேற்பப் பெல்ட்டை மாற்றுக.

துளையிடும் பொருளைக் கையாற் பிடியாது மேடையில் இறுகப் பூட்டுக. தோளில் துண்டும் கையில் உறையும் ஆகா. யந்திரம் பழுதுபட்டால் சீராக்கலாம்; இழந்த விரல் மீளாது.