ஒப்பிட்டு விளக்குதல்: கேம்பேடும் ஸ்டியரிங் சில்லும்



உள்ளீட்டு, வெளியீட்டுச் சாதனங்கள் பற்றிய அலகு மிக இலகுவானது என்று பலர் நினைக்கின்றனர். பெயர்களை மனனம் செய்தால் போதும் என்பது அவர்களது கணக்கு. ஆனால் "ஒப்பிடுக", "காரணம் தருக" என்று வினா வந்தவுடன் புள்ளிகள் கைநழுவிப் போகின்றன. ஆகவே உங்களுக்குப் பிடித்த கார்ப் பந்தய விளையாட்டையே உதாரணமாகக் கொண்டு இதனைப் படிப்போம்.

வினா: கார்ப் பந்தயக் கணினி விளையாட்டை ஆடுவதற்குக் கேம்பேட், ஸ்டியரிங் சில்லு ஆகிய இரண்டில் எது பொருத்தமானது? காரணங்களுடன் விளக்குக.

வகுப்பில் இதனைக் கேட்டால் பெரும்பாலும் ஒரே விடைதான் வரும்: "ஸ்டியரிங் சில்லே சிறந்தது, அது உண்மையான வாகனத்தைப் போன்றது." இதில் ஒரு பக்கம் மட்டுமே பேசப்படுகிறது. கேம்பேட் பற்றி ஒரு சொல்லும் இல்லை. இது ஒப்பீடு ஆகாது.

1. உள்ளீடு

கேம்பேடில் பெருவிரலால் அசைக்கும் சிறு தண்டு உண்டு. அதன் அடியில் இரண்டு மாறும் தடையிகள் உள்ளன. ஒன்று இடம்-வலம் அசைவையும், மற்றது மேல்-கீழ் அசைவையும் அளக்கும். (சிலவற்றில் தடையிக்குப் பதிலாகக் காந்த உணரி இருக்கும்.) தண்டு அசையும்போது மின்னழுத்தம் மாறும். அந்த மாற்றம் இலக்கமாக மாற்றப்பட்டுக் கணினிக்குச் செல்லும். 8 பிட்டில் அளக்கும் கேம்பேடானால் 2-இன் 8-ஆம் அடுக்கு, அதாவது 256 நிலைகள் கிடைக்கும். 0 முழு இடம், 255 முழு வலம், ஏறத்தாழ 128 நடு. விரலை எடுத்தால் வில் தண்டினை நடுவுக்குக் கொண்டுவந்துவிடும்.

ஸ்டியரிங் சில்லில் அச்சு எவ்வளவு சுழன்றது என்பதை உணரி அளக்கிறது. உதாரணமாக, 2015-இல் வெளிவந்த லொஜிடெக் ஜி29 சில்லு 900 பாகை சுழலும். 900-ஐ 360-ஆல் வகுத்தால் இரண்டரைச் சுற்று. வேகத்துக்கும் தடுப்புக்கும் கிளச்சுக்கும் காலால் மிதிக்கும் மிதிகள் வேறாக உண்டு.

இப்போது சிந்தியுங்கள். பெரகலையிலிருந்து அப்புத்தளைக்கு ஏறும் பஸ்ஸில் முன் ஆசனத்தில் இருந்து சாரதியின் கைகளைக் கவனித்திருப்பீர்கள். கூர்வளைவில் கை மாற்றிக் கை மாற்றிச் சில்லைச் சுழற்றுவார். அந்த முழு அசைவையும் கேம்பேடில் பெருவிரலின் மிகச் சிறிய நகர்வுக்குள் அடக்க வேண்டும். விரல் சற்றுக் கூடினாலும் கார் பாதையை விட்டுப் போகும். ஆகவே பல விளையாட்டுகளில் மென்பொருள் உதவிக்கு வருகிறது. வேகம் கூடும்போது முன்சில்லுகள் திரும்பும் அளவை அது குறைக்கிறது. திடீர் அசைவை மென்மையாக்குகிறது. கேம்பேடில் ஆடும்போது ஓட்டுவதில் ஒரு பங்கை மென்பொருளே செய்கிறது என்பதை மறவாதீர்கள்.

2. வெளியீடு

பலர் தவறவிடும் பகுதி இதுதான். கேம்பேட் அதிரும்போது "ஏதோ நடந்தது" என்று மட்டும் அறிகிறோம். ஜி29 போன்ற சில்லின் உள்ளே மோட்டார்கள் உள்ளன. அவை உங்கள் கைக்கு எதிராகச் சில்லை இழுக்கும். கார் வழுக்கும்போது சில்லு இலேசாகிவிடும். எந்தப் பக்கம், எவ்வளவு என்பதைக் கண் காணுமுன் கை அறியும். இது விசைப் பின்னூட்டல் எனப்படும். எனவே இத்தகைய சில்லு, தொடுதிரையைப் போல, உள்ளீட்டுச் சாதனமாகவும் வெளியீட்டுச் சாதனமாகவும் தொழிற்படுகிறது. அதிரும் கேம்பேடுக்கும் இது பொருந்தும்.

3. "புதியது, ஆகவே சிறந்தது" என்று எழுதலாமா?

கூடாது. 1974-இல் அட்டாரி நிறுவனம் வெளியிட்ட கிரான் டிராக் 10 என்ற காசு போட்டு ஆடும் பந்தய விளையாட்டிலேயே ஸ்டியரிங் சில்லு, கியர், மிதிகள் இருந்தன. 1976-இல் சேகா நிறுவனத்தின் மோட்டோ குரொஸ் விளையாட்டில், மோதும்போது கைபிடி அதிர்ந்தது. இரட்டைத் தண்டும் அதிர்வும் கொண்ட சோனியின் டுவல்ஷொக் கேம்பேட் 1997-இலேயே வந்தது. ஆகவே இங்கு சில்லே மூத்தது.

4. தேவையும் வசதியும்

கேம்பேட் விலை குறைவு. மடியில் வைத்து ஆடலாம். பந்து விளையாட்டுக்கும் உதவும். சில்லு விலை கூடியது. அசையாத மேசையில் இறுக்கிப் பூட்ட வேண்டும். நம் லயன் வீடுகளில் படிப்பதற்கே தனி மேசை இல்லாத பிள்ளைகள் எத்தனை பேர்! அவர்களுக்குக் கேம்பேடே பொருத்தம் என்று எழுதுவதில் வெட்கமில்லை. அதுவும் சரியான காரணமே. மாறாக, வாகனம் ஓட்டும் பழக்கத்தை நெருங்க விரும்புபவருக்குச் சில்லே பொருத்தம்.

5. இரண்டாலும் தர முடியாதது

விளையாட்டில் திறமை காட்டியவர் உண்மையான பந்தயத்துக்குச் சென்றதுண்டு. சோனியும் நிசானும் நடத்திய ஜிடி அக்கடமி என்ற போட்டியில் 2011-இல் வென்ற பிரித்தானிய இளைஞர் ஜான் மார்டன்பரோ, 2013-இல் லு மான் 24 மணிநேரப் பந்தயத்தில் தம் பிரிவில் மூன்றாமிடம் பெற்ற அணியில் ஓட்டினார். ஆனால் விளையாட்டிலிருந்து அவர் நேரே பந்தயத் திடலுக்குப் போகவில்லை. உண்மையான கார்களில் பயிற்சி பெற்ற பின்னரே போனார். அவரும் 2015-இல் ஜெர்மனியின் நூர்பர்க்ரிங் திடலில் விபத்துக்குள்ளானார். கார் வேலியைத் தாண்டி விழுந்ததில் பார்வையாளர் ஒருவர் இறந்தார்.

இது தொலைதூரக் கதை அல்ல. நமக்கு அருகிலுள்ள தியத்தலாவை ஃபொக்ஸ் ஹில் பந்தயத்தில் 2024 ஏப்ரல் 21 அன்று கார் ஒன்று பாதையை விட்டு விலகி மக்கள்மீது மோதியது. 7 பேர் உயிரிழந்தனர். அவர்களில் ஒரு சிறுமியும் இருந்தாள். திரையில் மோதினால் மறுபடி தொடங்கும் பொத்தான் உண்டு. பாதையில் அது இல்லை. எந்த உணரியும் இந்த வேறுபாட்டை அளந்து உங்கள் கைக்குச் சொல்லாது. விளையாட்டில் முதலிடம் வந்ததை நம்பி, அண்ணனின் மோட்டார் சைக்கிளையோ மாமாவின் முச்சக்கரவண்டியையோ எடுக்க நினைக்கும் தம்பிமார் இந்தப் பந்தியை இன்னொரு முறை வாசிக்கவும்.

மாதிரி விடை

கேம்பேட், ஸ்டியரிங் சில்லு ஆகிய இரண்டும் திருப்பும் அளவை இலக்கமாக மாற்றிக் கணினிக்கு வழங்கும் உள்ளீட்டுச் சாதனங்களாகும். கேம்பேட் தண்டின் நகர்வு சிறியது. ஆகவே மென்பொருளின் உதவி கூடுதலாகத் தேவை. சில்லின் சுழற்சி பெரியது. ஆகவே நுண்ணிய கட்டுப்பாடு இலகு. கேம்பேட் அதிர்வை மட்டும் தரும். விசைப் பின்னூட்டல் உள்ள சில்லு, விசையின் அளவையும் திசையையும் உணர்த்தும். கேம்பேடுக்குச் செலவும் இடமும் குறைவு. சில்லுக்கு இரண்டும் கூடுதல். எனவே பொழுதுபோக்குக்குக் கேம்பேடும், ஓட்டும் முறையைப் பழகுவதற்குச் சில்லும் பொருத்தமானவை.

ஒவ்வோர் அம்சத்திலும் இரண்டு சாதனங்களும் அடுத்தடுத்து வந்திருப்பதைக் கவனியுங்கள். எந்த ஒப்பீட்டு வினாவுக்கும் இதுவே வழி. முடிவில் "யாருக்கு, எதற்கு" என்று சொல்லி முடியுங்கள்.

பயிற்சி

1. 10 பிட்டில் அளக்கும் சாதனத்தில் எத்தனை நிலைகள் உண்டு?
2. விசைப் பின்னூட்டல் உள்ள சில்லு வெளியீட்டுச் சாதனமும் ஆவது ஏன்?
3. முச்சக்கரவண்டியில் சில்லு இல்லை, கைபிடியே உண்டு. முச்சக்கரவண்டி ஓட்டும் கணினி விளையாட்டுக்கு எத்தகைய உள்ளீட்டுச் சாதனம் பொருந்தும்? அது எவற்றை அளக்க வேண்டும்?

மூன்றாவது வினாவுக்கு இந்நூலில் விடை இல்லை. தரிப்பிடத்தில் நிற்கும் முச்சக்கரவண்டியை நன்றாகப் பாருங்கள். பார்த்த பின் எழுதுங்கள்.