நின்றால் நடுங்கும் பழைய கார்: காரணத்தைக் கண்டறிவது எப்படி?

மாணவர்களே, பத்துமலைக்குப் போகும் சாலையில் வாகன நெரிசல். உங்கள் வீட்டுப் பழைய கார் ஊர்ந்து ஊர்ந்து போகிறது. நின்றவுடன் ஸ்டீயரிங் நடுங்குகிறது. எஞ்சின் அணைந்துவிடும் போலிருக்கிறது. மீண்டும் நகர்ந்ததும் எல்லாம் சரியாகிவிடுகிறது. “வண்டிக்கு வயதாகிவிட்டது, விற்றுவிடலாம்” என்கிறார் அப்பா. சற்றுப் பொறுங்கள். எப்போது நடுங்குகிறது, எப்போது நிற்கிறது என்பதிலேயே காரணம் ஒளிந்திருக்கிறது.

நடுக்கம் ஏன் வருகிறது?

1985 ஜூலை 9இல் அறிமுகமான முதல் புரோட்டோன் சாகாவை எடுத்துக்கொள்வோம். அதில் 4 சிலிண்டர்கள். பெட்ரோலையும் காற்றையும் கலப்பது கார்புரேட்டர். வண்டி நிற்க, எஞ்சின் மட்டும் ஓடும் நிலையை ‘ஐட்லிங்’ என்பர். அப்போது எஞ்சின் நிமிடத்திற்கு 800 முறை சுழல்வதாகக் கொள்வோம். நான்கு வீச்சு எஞ்சினில், 2 சுழற்சிக்கு ஒருமுறைதான் ஒரு சிலிண்டரில் எரிபொருள் எரியும். அதாவது நிமிடத்திற்கு 400 முறை. ஒரே ஒரு சிலிண்டர் எரியத் தவறினாலும், விநாடிக்கு ஏறக்குறைய 7 முறை உந்துதல் விட்டுப்போகும். உங்கள் கை உணரும் நடுக்கம் அதுதான்.

எரிபொருள் சரியாக எரிய மூன்று தேவை: சரியான கலவை, தக்க நேரத்தில் தீப்பொறி, போதிய அமுக்கம். 1 கிராம் பெட்ரோல் முழுமையாக எரிய ஏறத்தாழ 14.7 கிராம் காற்று வேண்டும்.

மூன்று தடயங்கள்

1. நின்றால் நடுக்கம், எக்சலரேட்டரை மிதித்தால் சரியாகிறது: காற்றுக் கசிவு இருக்கலாம். ஐட்லிங்கில் காற்று நுழையும் வழி ஏறக்குறைய மூடியிருக்கும். பிஸ்டன்கள் உறிஞ்சுவதால் உள்ளே அழுத்தம் வெகுவாகக் குறையும். ரப்பர் குழாய் வெப்பத்தில் காய்ந்து வெடித்திருந்தால், வெளிக்காற்று அந்த வெடிப்பு வழியே உள்ளே புகும். எஞ்சின் 10 பங்கு காற்று எடுக்கும்போது 2 பங்கு கூடுதலாகப் புகுந்தால் கலவை கெடும். மிதித்த பிறகு 100 பங்கு போகும்போது அதே 2 பங்கு பெரிதல்ல.

2. மேட்டில் ஏறும்போதும் திணறுகிறது: ஸ்பார்க் பிளக்கையோ அதன் வயரையோ சந்தேகிக்கலாம். சுமை கூடும்போது சிலிண்டருக்குள் அழுத்தம் கூடும். அப்போது தீப்பொறி இடைவெளியைத் தாண்ட அதிக மின்னழுத்தம் தேவை. கெந்திங் மலைச் சாலையில் பலவீனமான பிளக் காட்டிக்கொடுத்துவிடும்.

3. எஞ்சின் ஓசை சீராக இருக்கிறது, ஆனால் வண்டி அதிர்கிறது: எரிதலில் குறை இல்லாமல் இருக்கலாம். எஞ்சினைத் தாங்கும் ரப்பர் மவுண்டிங் தேய்ந்திருக்கக்கூடும்.

ஒரு நேரத்தில் ஒரு மாறி

பிளக், வயர், குழாய் மூன்றையும் ஒரே நாளில் மாற்றினால் வண்டி சரியாகலாம். ஆனால் எது காரணம் என்பது தெரியாது. நல்ல பாகத்திற்கும் காசு போயிருக்கும். ஆய்வுக்கூடத்தில் நாம் செய்வது போலவே, முதலில் கருதுகோள், பிறகு ஒரு மாறியை மட்டும் மாற்றிச் சோதனை. குழாயை மாற்றியும் நடுக்கம் நிற்கவில்லை என்றால் அது தோல்வியல்ல. ஒரு காரணம் பட்டியலிலிருந்து நீங்கியது.

கவனம்!

உங்கள் வேலை கவனிப்பதும் குறித்துக்கொள்வதும் மட்டுமே. ஓடும் எஞ்சினில் கை வைக்காதீர்கள். பிளக் வயரில் பல்லாயிரம் வோல்ட் பாயும். விசிறி விரலைத் துண்டிக்கும். மூடிய கொட்டகையில் எஞ்சினை ஓடவிடக்கூடாது. புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடுக்கு மணமில்லை, ஆனால் உயிரைப் பறிக்கும்.

எஞ்சின் சூடாகும் முன்பா பின்பா, நிற்கும்போதா ஏறும்போதா, குளிர்சாதனம் போட்டால் கூடுகிறதா என்று ஒரு வாரம் எழுதி வையுங்கள். அந்தத் தாளைப் பட்டறைக்காரரிடம் அப்பா காட்டட்டும். அவருடைய பாதி வேலை முடிந்திருக்கும்.

சிந்தித்துப் பாருங்கள்: 1994இல் வந்த பெரோடுவா கஞ்சிலில் 3 சிலிண்டர்கள். அதே 800 சுழற்சியில் விநாடிக்கு மொத்தம் எத்தனை எரிதல்? ஒரு சிலிண்டர் தவறினால், சாகாவைவிட அதிகம் நடுங்குமா? ஏன்?

(விடை: 20. ஆம், சாகா இழப்பது கால் பங்கு உந்துதல், கஞ்சில் இழப்பது மூன்றில் ஒரு பங்கு.)