கடலில் நிற்கும் குழாய்க் கால்கள்

(பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு)

நம் சோழபுரத்திலிருந்து பார்த்தால் மலை தெரியும், கடல் தெரியாது. ஆயினும் நம் ஊர்ப் பேருந்து ஓடக் கடலடி எண்ணெயும் உதவுகிறது. 1974-ஆம் ஆண்டு 'சாகர் சாம்ராட்' என்னும் துளையிடும் கலம், மும்பைக்கு மேற்கே அரபிக் கடலில் எண்ணெய் வளத்தைக் கண்டது. 1976-இல் உற்பத்தி தொடங்கியது. அங்குள்ள மேடைகளைத் தாங்குபவை எஃகுக் குழாய்ச் சட்டங்களாகும்.

இச்சட்டத்தில், பெரிய குழாயின் பக்கத்தில் சிறிய குழாயின் முனையை வைத்துப் பற்றவைப்பார்கள். அவ்விணைப்பில்தான் ஆபத்து. அலை ஓயாமல் தள்ளியும் இழுத்தும் வருவதால், பற்றவைத்த இடத்தில் நுண்ணிய விரிசல் தோன்றி வளரக்கூடும். 1980 மார்ச் 27 அன்று வட கடலில் 'அலெக்சாண்டர் கீலாண்ட்' என்னும் மிதவை மேடை கவிழ்ந்து 123 பேர் மாண்டனர். தாங்கு குழாய் ஒன்றில் சிறு பாகத்தைப் பற்றவைத்த இடத்தில் தோன்றிய விரிசலே அதற்குக் காரணம்.

இணைப்பை வலுப்படுத்தும் வழிகளுள் ஒன்று, பெரிய குழாயினுள் சிமெண்டுக் கூழை நிரப்பி இறுக விடுவது. இதனைக் 'கிரௌட்' என்பர். காலிப் பால்டின்னின் பக்கத்தைக் கட்டைவிரலால் அழுத்துங்கள், குழி விழும். அதில் மணலை இறுக நிரப்பி அழுத்துங்கள், எளிதில் குழியாது. சிமெண்டும் இவ்வாறே குழாய்ச் சுவரை உள்ளிருந்து தாங்குகிறது.

சரி, வலிமை எவ்வளவு கூடும்? பொறியாளர்கள் இணைப்பைக் கணிப்பொறியில் ஆயிரக்கணக்கான சிறு கூறுகளாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் ஏற்படும் தகைவைக் கணக்கிடுகின்றனர். இங்கே ஒரு நுட்பம் உண்டு. தள்ளும்போது எஃகுச் சுவர் சிமெண்டின்மேல் சாய்ந்து நிற்கும். இழுக்கும்போதோ சுவர் சிமெண்டை விட்டு விலகிவிடும். ஆகவே கிடைக்கும் உதவி குறைவு. இரண்டும் பிரியாமல் ஒட்டியிருப்பதாகக் கணக்கிட்டால், இல்லாத வலிமை இருப்பதாக விடை வரும்! அதை நம்பி மேடையில் வேலை செய்பவரின் கதி என்ன?

எனவேதான் கணக்கின் விடையை ஆய்வுக்கூடச் சோதனையோடு ஒப்பிட்டுப் பார்க்கின்றனர். சென்னை தரமணியில் உள்ள கட்டமைப்புப் பொறியியல் ஆராய்ச்சி மையத்திலும் எஃகுக் குழாய் இணைப்புகளைச் சோதித்துள்ளனர்.

தோழியரே, இயற்பியலில் விசையின் திசையைக் குறிக்க நாம் இடும் சிறு அம்புக்குறியை அற்பமென்று எண்ண வேண்டாம். அது உள்நோக்கியதா, வெளிநோக்கியதா என்பதில் பல உயிர்கள் அடங்கியிருக்கின்றன.