காப்பர்-டி பாடமும் கைபேசி வீடியோவும்

பன்னிரண்டாம் வகுப்பில் ‘இனப்பெருக்க நலன்’ பாடத்தைப் பல ஆண்டுகள் அவசரமாகத்தான் நடத்தினேன். கருத்தடை முறைகளைக் கரும்பலகையில் பட்டியலிட்டு, “மூன்று மதிப்பெண் கேள்வி வரும்” என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவேன்.

சென்ற ஆண்டு ஒரு மாணவி வகுப்பு முடிந்தும் தயங்கி நின்றாள். “மிஸ், காப்பர்-டி மேலே ஏறி இதயத்துக்குப் போயிடுமா? வீடியோ பார்த்துட்டு எங்க அக்கா எடுக்கணும்னு சொல்றா.” அக்காவுக்குக் குழந்தை பிறந்து எட்டு மாதம்; ரத்தசோகை வேறு. “அதையெல்லாம் நம்பாதே” என்று அனுப்பிவிட்டேன். வீட்டுக்குப் போகும் வழியில்தான் உறைத்தது. நான் எதையுமே விளக்கவில்லை. அந்த வீடியோவாவது இரண்டு நிமிடம் பேசியிருக்கிறது!

மறுநாள், கைபேசியில் கருத்தடை பற்றிப் பார்த்ததைப் பெயரில்லாத துண்டுச்சீட்டில் எழுதச் சொன்னேன். பப்பாளி சாப்பிட்டால் போதும், மாத்திரை போட்டால் பிறகு குழந்தையே பிறக்காது, அவசர மாத்திரை கருவைக் கலைக்கும், ஆண்களுக்கு அறுவை செய்தால் ஆண்மை போய்விடும் என்று வந்து குவிந்தன. ஒவ்வொன்றையும் பாடநூலோடு வைத்துப் பார்த்தோம். அவசர மாத்திரை அண்டம் வெளிப்படுவதைத் தள்ளிப்போடுகிறது. 72 மணி நேரத்துக்குள், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. ஏற்கெனவே உண்டான கருவை அது கலைக்காது. கடைசிச் சீட்டுக்கு ஒரு மாணவனே படத்தைப் பார்த்துப் பதில் சொன்னான்: “டெஸ்டோஸ்டீரோன் ரத்தத்துலதானே மிஸ் கலக்குது? வெட்டுறது விந்து போற குழாயைத்தானே?”

காப்பர்-டிக்கு அதிக நேரம் எடுத்துக்கொண்டேன். அது கருப்பைக்குள் இருக்கிறது. தாமிர அயனிகள் விந்தணுக்களின் இயக்கத்தைக் குறைக்கின்றன. கருப்பைச் சுவரைத் துளைப்பது அரிது; இதயத்துக்குப் போக வழியே இல்லை. ஆனால் மாதவிடாயில் ரத்தப்போக்கு கூடலாம். ரத்தசோகை உள்ள அந்த அக்கா கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியது இதைத்தான். பயமுறுத்திய வீடியோவில் இது இல்லை. என் பழைய பட்டியலிலும் இல்லை.

கிராம சுகாதார செவிலியரிடம் பேசி, அக்காவை ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்பினோம். காப்பர்-டி சரியான இடத்தில் இருக்கிறதா என்று பரிசோதித்து, இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தார்கள். ரத்தப்போக்கு கூடினால் வேறு முறைக்கு மாறலாம், மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடும் ‘அந்தரா’ ஊசியும் இருக்கிறது என்றும் சொன்னார்களாம். இப்போதைக்கு எடுக்கவில்லை என்று மாணவி வந்து சொன்னாள்.

இந்த ஆண்டு இப்பாடத்துக்கு நான்கு பாடவேளை ஒதுக்கியிருக்கிறேன். துண்டுச்சீட்டுகளை முதல் நாளே வாங்கிவிடுவேன்.